டிசம்பர் தூண்டிலுக்கு ஏப்ரலில் இடம் பார்ப்பது

உறைபனிக் காலத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலை ஏரிகளில் மீன் கடிக்கவில்லை என்றால் ஆட்கள் முதலில் மாற்றுவது இரையை. ராகி உருண்டை போய் மண்புழு வரும், மண்புழு போய் மக்காச்சோளம் வரும். தூண்டில் மட்டும் காலையில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். குளிர்ந்த நீரில் மாற்ற வேண்டியது இடத்தைத்தான். வெயில் மாதங்களில் கெண்டை வாசனை பிடித்து வெகுதூரம் வரும். டிசம்பர், ஜனவரியில் அதன் உடல் மந்தமாகிவிடும், செரிமானம் குறையும். சில மீட்டர் தள்ளி விழுந்த இரைக்காக அது நகர்ந்து வராது. மீன் கிடக்கும் இடத்துக்கு நாம்தான் தூண்டிலைக் கொண்டுபோக வேண்டும்.

அந்த இடத்தை டிசம்பரில் கரையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. நிறைந்த ஏரி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் இறங்கிக் கிடக்கும்போது போய்ப் பார்த்தால் தரை தன்னைத் தானே காட்டிவிடும். எங்கள் திட்டமிடலில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மாதங்களில்தான் நடக்கிறது. எனவே இந்தப் பதிவும் அங்கிருந்தே தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். "குளிர்காலத்தில் மீன் ஆழத்துக்குப் போய்விடும், ஏரியின் மிக ஆழமான இடத்தில் போடு" என்ற யோசனை இங்கே பரவலாக இருக்கிறது. இது பனிக்கட்டி மூடிய ஏரிகளில் மீன் பிடிக்கும் ஊர்களிலிருந்து வந்த யோசனை. பின்லாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் அது சரி. தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும், அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வரும். அதனால் அங்கே பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் நீர் 0 டிகிரியை ஒட்டி இருக்கும், ஏரியின் அடியில் 4 டிகிரி நீர் தங்கியிருக்கும். ஆழம்தான் அங்கே கதகதப்பான இடம். குளிர்காலத்தின் நடுவில் மீன் ஆழத்தில் ஒதுங்குவதற்கு அது ஒரு காரணம்.

நம் ஏரிகள் 4 டிகிரியைத் தொடுவதே இல்லை. நீலகிரியின் அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் விடியலில்கூட ஏரி நீர் அதைவிட வெகுவாகச் சூடாகவே இருக்கும், நீரின் மேல் ஆவி எழுவதைப் பார்த்தாலே தெரியும். 4 டிகிரிக்கு மேலே இருக்கும் நீரில் கணக்கு நேர் எதிர். குளிர்ந்த நீர் கனமானது, கீழே இறங்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் ஏரியின் மேற்பரப்பு வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது. ஆழமில்லாத குடாக்கள் சீக்கிரம் குளிர்கின்றன. அங்கே குளிர்ந்த நீர் தரையை ஒட்டிச் சரிவில் வழிந்து, ஏரிக்கடியில் மூழ்கிய பழைய ஓடைத்தடத்தில் போய்ச் சேர்கிறது. உறைபனி விழுந்த காலையில் நம் ஏரியின் மிகக் குளிர்ந்த நீர் இருப்பது இரண்டு இடங்களில்: ஆழமில்லாத கரையோரத்தில் ஒன்று, ஓடைத்தடத்தின் அடியில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவில்தான் மாற்றம் குறைவு. கெண்டை அங்கேதான் இரவைக் கழிக்கிறது. ஆழமான குழியில் தூண்டில் போட்டவர் நாள் முழுக்கக் காத்திருப்பது இதனால்தான்.

பனிக்கட்டி ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அவர்கள் மனம் போன இடத்தில் துளை போடுவதில்லை. ஏரியின் ஆழ வரைபடத்தை வைத்துக்கொண்டு, கரையோரத்திலிருந்து ஆழத்தை நோக்கி, சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசையாகத் துளைகளைப் போடுகிறார்கள். எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டு முடித்துச் சத்தம் அடங்கவிட்டு, பிறகுதான் தூண்டிலை இறக்குகிறார்கள். எந்த ஆழத்தில் முதல் கடி வருகிறதோ மற்ற தூண்டில்களை அந்த ஆழத்துக்கு மாற்றுகிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் நீர்ப்பாசி ஓரம், நடுவில் ஆழம் என்று நகர்கிறார்கள். கடைசி வாரங்களில் பனி மூடி வெளிச்சம் புகாமல் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அப்போது மறுபடி கரையையும் நீர் வந்து விழும் இடத்தையும் தேடிப் போகிறார்கள். வரிசை, ஆழம், நகர்த்தல் ஆகிய மூன்றையும் அப்படியே மலைக்குக் கொண்டுவரலாம். "ஆழத்தில் சூடு" என்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

இனி ஏப்ரல் வேலை. எமரால்டு, அவலாஞ்சி போன்ற நீர்த்தேக்கங்கள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை, 1950களில் கனடாவின் உதவியோடு தொடங்கிய திட்டம் அது. மின்சாரத்துக்காக நீர் எடுப்பதால் கோடையில் மட்டம் நன்றாக இறங்கும், தென்மேற்குப் பருவமழையில் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு வரைபடம். புல் முடிந்து வெறும் மண் தொடங்கும் கோடு கரையைச் சுற்றிலும் தெளிவாகத் தெரியும், அதுதான் நிறைமட்டம். அதிலிருந்து கீழே எத்தனை மீட்டரில் என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும்.

அளப்பதற்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒருவர் நிறைமட்டக் கோட்டில் குழாயின் நுனியைப் பிடிக்க, மற்றவர் கீழே போய் ஒரு கோலில் நீர் நிற்கும் உயரத்தைக் குறிக்கிறார். படி படியாக இறங்கிக்கொண்டே போகலாம். குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும். நிரப்பியதும் இரண்டு நுனியையும் பக்கத்தில் வைத்து நீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். நீரின் விளிம்பு எப்போதும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். ஏரி ஏறிக்கொண்டிருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கைந்து முறை போய், கைப்பேசியில் நடைத்தடத்தைப் பதிவு செய்யும் செயலியை ஓடவிட்டு, நீர் விளிம்பை ஒட்டி நடந்தால் போதும். ஒவ்வொரு நடையும் ஒரு சம ஆழக் கோடு. ஒவ்வொரு முறையும் கரையிலுள்ள ஒரு நிலையான பாறையிலோ மதகுச் சுவரிலோ நீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் கடையில் கிடைக்காத ஆழ வரைபடம் கையில் இருக்கும். கோடுகள் நெருங்கி இருக்கும் இடம் செங்குத்துச் சரிவு, விலகி இருக்கும் இடம் சமதளம். சமதளம் முடிந்து கோடுகள் நெருங்கத் தொடங்கும் முனைதான் நாம் தேடுவது. நேரில் போக முடியாத பகுதிகளுக்கு கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் கோடைப் படங்களைப் புரட்டலாம். நீர் மிகவும் இறங்கிய ஆண்டின் படம் கிடைத்தால் ஓடைத்தடம் முழுவதும் தெரிந்துவிடும்.

வெறும் தரையில் நடக்கும்போது கண்ணில் பட வேண்டியவை சில. பழைய ஓடைத்தடமும் அதன் இருபக்கத் தோளும், அதாவது பள்ளத்தின் மேல்விளிம்பும், முதலில் வரும். மீன் தங்குவது தோளில், குழியில் அல்ல. மூழ்கிய பழைய பாதை, படிப்படியாக வெட்டிய வயல் ஆகியவை கெட்டியான தரை, தூண்டில் சுத்தமாக உட்காரும். சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களின் அடிக்கட்டைகள் மீனுக்கு நல்ல மறைவுதான். ஆனால் அதன்மேல் போட்டால் நரம்பு (தூண்டில் நூல்) அறும், ஆகவே கட்டையிலிருந்து 4, 5 மீட்டர் தள்ளி. சரளைத் திட்டும் சேறும் சந்திக்கும் எல்லை எப்போதும் நல்லது, புழு சேற்றில், மீன் சரளையில்.

எல்லாவற்றையும்விட மதிப்பானது ஊற்று. காய்ந்து வெடித்த தரையில் ஓரிடம் மட்டும் ஈரமாக, பச்சையாக இருந்தால் அங்கே நிலத்தடி நீர் கசிகிறது என்று அர்த்தம். நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. கோடையில் ஏரி நீரைவிடக் குளிர்ச்சியாகவும், உறைபனி மாதங்களில் சற்றுக் கதகதப்பாகவும் இருக்கும். ஒரு டிகிரி வித்தியாசம்கூட ஜனவரியில் மீனை இழுத்துப் பிடிக்கும். இப்படி ஓர் இடம் கிடைத்தால் அதற்கு மட்டும் அளவுகளை இரண்டு முறை எடுங்கள்.

குறித்த இடத்தை எட்டு மாதம் கழித்துத் தண்ணீருக்கடியில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டுமே. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் பிசகும், அடர்ந்த பள்ளத்தாக்கில் இன்னும் பிசகும். கன்னியாகுமரிக் கரை மீனவர்கள் கடலில் கணியம் பார்க்கும் முறையே ஏரிக்கும் சிறந்தது. கரையில் நீங்கள் டிசம்பரில் நிற்கப்போகும் இடத்திலிருந்து பார்த்தால், குறித்த இடத்துக்கு நேர் பின்னால் எதிர்க்கரையில் என்ன தெரிகிறது? ஒரு மின்கோபுரமும் அதற்கு மேலே மலையின் ஒரு பிளவும் ஒரே கோட்டில் வருகிறதென்றால் திசை முடிந்தது. நிற்கும் இடத்திலிருந்து தூரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரங்களை அடையாளம் வைக்காதீர்கள், சீகையும் கற்பூரமும் வெட்டுப்பட்டுவிடும்.

அந்தத் தூரத்தைத் தூண்டிலில் கொண்டுவர இரண்டு குச்சிகளை 4 மீட்டர் இடைவெளியில் நட்டு, நரம்பை அவற்றுக்கிடையே சுற்ற வேண்டும். ஒரு குச்சியிலிருந்து மற்றதற்கு ஒரு முறை போனால் 4 மீட்டர், பத்து முறை போனால் 40. அந்த நீளத்தில் நரம்பை, அதைப் பிடித்து நிறுத்தும் ரீலின் கொக்கியில் மாட்டிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் அதே தூரத்தில் நிற்கும். வீச்சு முடியும் நொடியில் ராடை (தூண்டில் கோலை) மேலே தூக்கி அதிர்வைத் தாங்கவில்லை என்றால் கொக்கியில் நரம்பு அறும். பெரிய மீன் ஓடும்போதும் அதே ஆபத்து, ஆகவே வீசி முடித்ததும் கொக்கியிலிருந்து நரம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நூல் முடிச்சை அடையாளமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

நீர் இறங்காத ஏரிகளில் இந்தக் கோடை நடை கிடையாது. 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி அப்படித்தான், நட்சத்திரம்போல் கைகளை நீட்டிக்கொண்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். அங்கே ஈயத்தால்தான் தரையைத் தடவிப் பார்க்க வேண்டும். 60 கிராம் ஈயக்குண்டுக்கு மேலே, நரம்பில் தடையில்லாமல் நகரும்படி ஒரு பெரிய தக்கையை மாட்டுங்கள். வீசி, ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பை இறுக்கினால் தக்கை ஈயத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ரீலிலிருந்து ஒரு முறைக்கு 30 சென்டிமீட்டர் வீதம் விட்டுக்கொண்டே வாருங்கள். தக்கை மேலே தலைகாட்டும்போது எத்தனை முறை விட்டீர்களோ அதை 30ஆல் பெருக்கினால் ஆழம். ஒன்பது முறை என்றால் 2.7 மீட்டர். மறுபடி இறுக்கி, 3 மீட்டர் கரைப்பக்கம் இழுத்து, திரும்ப அளங்கள். இழுக்கும்போது ராடின் நுனியில் விரலை வைத்திருந்தால் தரையே பேசும். தட்டுத் தட்டென்றால் சரளை. வழுவழுப்பாக வந்தால் களி. முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு விடுபட்டால் சேறு. பஞ்சுபோல் பிடித்து, ஈயம் பச்சையாக வந்தால் பாசி. ஏரியின் ஒரு கையைச் சுற்றி இப்படி முப்பது, நாற்பது அளவு எடுத்துக் கட்டத் தாளில் ஒரு கட்டம் 5 மீட்டர் என்று குறித்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். இதை மீன் பிடிக்கும் நாளில் செய்யக் கூடாது. நாற்பது முறை ஈயம் விழுந்த நீரில் அன்று எதுவும் கடிக்காது.

கொடைக்கானல் ஏரியின் கைகள் ஆழமில்லாதவை, பாசி அதிகம். பாசிக்குள் போட்டால் இரை மறைந்துவிடும், பாசி முடியும் ஓரத்தில் போட வேண்டும். படகுகள் ஓடத் தொடங்கியதும் நரம்புக்கு இடமில்லை. விடிந்ததிலிருந்து படகுத்துறை திறக்கும் வரையிலான நேரத்தை வைத்துத்தான் அங்கே திட்டமிட முடியும்.

டிசம்பர் வந்தால் பார்க்க வேண்டியது சூரியன். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. டிசம்பர் கடைசியில் நீலகிரியில் உச்சிப்பொழுதிலும் அது சுமார் 55 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. தெற்குக் கரையில் 20 மீட்டர் உயரக் கற்பூர மரங்கள் வரிசையாக நின்றால், நண்பகலிலும் 14 மீட்டர் நீளத்துக்கு நீரின்மேல் நிழல் கிடக்கும். அந்தக் கரையோரம் நாள் முழுக்கக் குளிர்ந்தே இருக்கும். வடக்குக் கரை தெற்கைப் பார்த்திருப்பதால் முழு வெயிலையும் வாங்கும். காலையில் கிழக்கு மலை தன் காலடியிலுள்ள கரையை மறைக்கும், வெயில் முதலில் விழுவது மேற்குக் கரையில். ஆகவே காலையில் மேற்குக் கரை, பத்து மணிக்கு மேல் வடக்குக் கரை. இரண்டும் சேரும் வடமேற்கு மூலையில் ஒரு சிறு குடா இருந்தால் அதைத்தான் முதலில் வரைபடத்தில் வட்டமிட வேண்டும்.

காற்று இரண்டாவது. இந்த மாதங்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். வெயிலில் சூடான மேல்நீரைக் காற்று எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். பிற்பகலில் தொடர்ந்து மூன்று மணி நேரம் காற்று வீசினால் தென்மேற்குக் கரை திடீரென்று நல்ல இடமாகிவிடும். மலைகள் காற்றைத் திருப்பிவிடும் என்பதால், வீட்டில் பார்த்த திசையை நம்பாமல் நீர்மேல் நுரையும் சருகும் எங்கே ஒதுங்குகின்றன என்று பாருங்கள்.

உறைபனி விழுந்த நாளும் மேகம் மூடிய நாளும் ஒன்றல்ல. உறைபனிக்கு அடுத்த பகல் பளிச்சென்ற வெயிலாக இருக்கும், ஆழமில்லாத நீர் மதியத்துக்குள் நன்றாகச் சூடாகும், மீன் சரிவிலிருந்து மேலேறி வரும். மேகம் மூடிய நாளில் இரவும் பகலும் நீரின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. அன்று கரையோரத்தை மறந்துவிட்டுச் சரிவிலேயே இருக்கலாம். ஒரு சாதாரண மீன்தொட்டி வெப்பமானியைக் கோலில் கட்டி, அரை மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நிழல் கரையில் ஒன்று, வெயில் கரையில் ஒன்று. ஒன்றரை டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால் ஆழமில்லாத தூண்டிலுக்கு நேரம் வந்துவிட்டது.

மூன்று தூண்டில் போட அனுமதி இருந்தால் இப்படி வைப்போம். முதலாவது வெயில் விழும் குடாவின் வாயில், 1 முதல் 1.2 மீட்டர் ஆழத்தில். இரண்டாவது சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் முனையில், 2.5 முதல் 3 மீட்டரில். மூன்றாவது ஓடைத்தடத்தின் தோளில், 5 மீட்டர் சுமாரில். ஒன்றுக்கொன்று 8 முதல் 10 மீட்டர் இடைவெளி. மூன்றும் கரைக்கு இணையாக நிற்கக் கூடாது, சரிவுக்குக் குறுக்கே சாய்ந்த வரிசையாக நிற்க வேண்டும். காலை 7 முதல் 9.30 வரை நம்பிக்கை நடு தூண்டில்மேல். 10.30க்கு மேல் முதலாவது வேலை செய்யத் தொடங்கும். 3.30க்கு வெயில் சாய்ந்ததும் மறுபடி நடு.

45 நிமிடத்தில் அசைவே இல்லாத தூண்டிலை நகர்த்துங்கள். ஒரே தூண்டிலை மட்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால் எது தவறு என்று தெரியாமல் போகும். கடி வந்துவிட்டால் அதே இடத்தில் மற்ற இரண்டையும் குவிக்காதீர்கள். அதே ஆழத்தில், கரையோடு 15, 20 மீட்டர் தள்ளி வையுங்கள். அன்றைக்கு மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் கிடைத்த செய்தி. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும் என்றே சொல்லலாம்.

கெண்டைக்கு 0.28 அல்லது 0.30 மில்லிமீட்டர் நரம்பு, 8ஆம் எண் முள், 40 கிராம் ஈயம். கெட்டித் தரையில் ஈயத்திலிருந்து முள் வரை 15 சென்டிமீட்டர் போதும். சேற்றில் 30 ஆக்குங்கள், ஈயத்தையும் 25 கிராமுக்குக் குறையுங்கள். கனமான ஈயம் சேற்றில் புதைந்து இரையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், இரை வெளியே தெரியாது. சேற்றுத் தரையில் காலை முழுக்கக் கடி வராததற்குப் பாதி காரணம் இதுதான். எடுத்துப் பார்க்கும்போது ஈயத்துக்கு மேலேயும் நரம்பில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தூவும் இரை கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம். கடலைப் புண்ணாக்கும் ராகி மாவும் சம பாகமாகப் பிசைந்தது, காலையில் ஒரு தூண்டிலுக்கு 100 கிராம் தாராளம். குளிரில் மீன் கொஞ்சம்தான் தின்னும், வயிறு நிறைந்தால் முள்ளைத் தொடாது. தேங்காய் எண்ணெயும் தேங்காய்ப் புண்ணாக்கும் இந்த மாதங்களில் கூடவே கூடாது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், ஊட்டிச் சமையலறைகளில் எல்லோரும் பார்ப்பதுதான். இரை உருண்டை கல்லாகி, கரையாமல், வாசனை விடாமல் கிடக்கும். ராடின் வளையங்களில் உறையும் நீரைத் தடுக்கச் சிலர் இதே எண்ணெயைத் தடவுகிறார்கள், அதுவும் உறைந்து நரம்பைப் பிடிக்கும். வளையத்தில் பனி கட்டினால் ராடின் நுனியை ஏரியில் ஒரு நிமிடம் மூழ்க வைத்தால் போதும், ஏரி நீரே உருக்கிவிடும். கையால் உடைத்தால் வளையத்தின் உள்விளிம்பு சிதையும், அடுத்த மீன் ஓடும்போது நரம்பு அங்கேதான் அறும்.

குளிரில் கடியும் சிறியது. தக்கை மூழ்காது, விரல் அகலம் நகர்ந்து நின்றுவிடும். உருண்டைத் தக்கையைக் கழற்றிவிட்டு ஒல்லியான, நுனி மட்டும் வெளியே தெரியும் தக்கையை மாட்டுங்கள்.

நீர்மின் ஏரிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மின்தேவை ஏறும்போது நீர் எடுப்பார்கள், மட்டம் இறங்கும். வந்ததும் நீர் விளிம்பில் சென்டிமீட்டர் குறித்த ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். மட்டம் இறங்குவது தெரிந்தால் கரையோரத் தூண்டிலை உடனே சரிவுக்கு மாற்றுங்கள். ஆழமில்லாத நீரில் இருக்கும் மீனுக்கு அது நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஓடை வந்து விழும் இடம் எப்போதும் நல்லது என்று பலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை, இரண்டு காரணங்களால். சுத்தமான ஓடை வேறு, சாக்கடை கலந்த கால்வாய் வேறு. ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் கொண்டுவருவது நல்ல நீர் அல்ல. அழுகும் கழிவு ஆக்சிஜனைத் தின்றுவிடும். மலையில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே நீர் 8.6 மில்லிகிராம் அளவுக்குத்தான் பிடிக்கும். இரண்டாவது காரணம் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன். நீலகிரியின் மேல் ஓடைகளில் குளிர்காலம்தான் அது முட்டையிடும் காலம், ஓடையின் வாயில் கூடி நிற்கும் மீன்கள் அதற்காகவே வந்தவை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து விட்டு வளர்த்த மீன் அது. அங்கே தூண்டில் போடாதீர்கள். மேலும் குளிர்காலத்தில் ஏரி முழுவதும் ட்ரவுட்டுக்கு ஏற்ற வெப்பத்தில் இருப்பதால் அது ஓரிடத்தில் தங்காது. நட்டுவைத்த தூண்டில் அதற்குப் பொருந்தாது.

பனிக்கட்டி ஊர்களில் 10 சென்டிமீட்டர் தெளிவான பனிக்கட்டி இல்லாமல் ஏரிமேல் கால் வைப்பதில்லை. ஓரிரு அடிக்கு ஒருமுறை கடப்பாரையால் குத்திப் பார்த்துத்தான் நடப்பார்கள். நம் மலையில் அதற்கு ஈடான ஆபத்து ஏப்ரல் மாதச் சேறு. மேலே வெடித்துக் காய்ந்த ஓடு, அடியில் கூழ். ஓடைத்தடத்துக்கு அருகே போகப் போக ஓடு மெலியும். ஒன்றரை மீட்டர் கோலை ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஊன்றுங்கள். சுலபமாக ஒரு சாண் இறங்கினால் நில்லுங்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். தனியாகப் போகாதீர்கள். கால் சிக்கிவிட்டால் இழுத்து மல்லுக்கட்டாமல், பின்பக்கமாகச் சாய்ந்து உடலின் எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து நீரை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். காட்டுமாட்டின் குளம்புத்தடம் ஆழமாகப் பதிந்திருக்கும் வழியில் நீங்களும் போகாதீர்கள். தரை எவ்வளவு இளகியது என்று அந்தத் தடமே காட்டும், மாலையில் அவை நீருக்கு வரும் பாதையும் அதுவே.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த ஏரியிலும் தூண்டில் போடக் கூடாது. காட்டெல்லைக்குள் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் நீரில் இந்தப் பேச்சே இல்லை. சீட்டில் ஒரு தூண்டில்தான் என்றால், மேலே சொன்ன மூன்று ஆழங்களையும் ஒரே தூண்டிலால் நேரப்படி நகர்த்திப் பாருங்கள்: காலையில் நடு, மதியத்தில் கரை, மாலையில் மறுபடி நடு.

கையில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், முந்தைய இரவு உறைபனி உண்டா, காலை 7 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் அரை மீட்டர் நீரின் வெப்பம், பாறைக்குறியில் நீர்மட்டம், காற்றின் திசை, கடி வந்த நேரம், கடி வந்த ஆழம், தரை என்ன. கடி வராத நாளையும் எழுதுங்கள். நீர்மட்டத்தை எழுத மறந்தால் அந்த வரி முழுவதும் வீண், ஏனென்றால் நிறைமட்டத்தில் 3 மீட்டராக இருந்த தோள் மட்டம் ஒரு மீட்டர் இறங்கிய நாளில் 2 மீட்டர்தான். பிப்ரவரியில் உறைபனி விலகியதும் அந்த ஆழங்களை நிறைமட்டத்துக்கு மாற்றி வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் கூடும் இடங்களில் எவற்றுக்கு இன்னும் தரை தெரியவில்லையோ, ஏப்ரலில் ட்யூப் லெவலோடு முதலில் போக வேண்டியது அங்கேதான்.